மலை மேல ஒரு படகு, படகு நிறைய வௌவால்

வௌவாலைக் கொல்லாமல் வெளியே அனுப்புவது என் தொழில். கொல்லச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் என் வாடிக்கையாளர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பதினோரு வருஷமாக ஏணி போட்டு ஏறிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு வாசலில் நிற்கும்போது காதோரமாக ஏதோ சர்ரென்று போகும். குருவி என்று மனசைத் தேற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவீர்கள். காலையில் பார்த்தால் கார் மேலே மிளகு தூவினது மாதிரி இருக்கும். குருவி அப்படித் தூவாது. ஆக நீங்களும் நம்ம ஆள்தான், வெட்கப்படாமல் கேளுங்கள்.

என் பெயர் சாந்தி. ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தேன், அதே லயத்தில்தான் இன்னும் இருக்கிறேன். கம்போங் ராஜாவிலிருந்து லெம்பா பெர்த்தாம் வரைக்கும், கேமரன் மலையில் யார் கூப்பிட்டாலும் போவேன். ஊரில் என்னை "வௌவால் சாந்தி" என்பார்கள். நேரில் பேசுகிறவர்கள் மட்டும் கூடவே ஒரு "அக்கா" சேர்த்துக்கொள்வார்கள்.

கிராணி வீட்டு எலி

எங்கள் தோட்டத்து ஆபீஸ் கிராணி, அதாவது கிளார்க், ஒருநாள் போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, "வீட்டுல எலிம்மா" என்றார். போய்ப் பார்த்தேன். சீலிங் பலகைக்கு மேலே கிடந்த புழுக்கையைக் கையுறை போட்ட விரலால் நசுக்கினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது, உள்ளே பூச்சி இறக்கை மினுமினுத்தது. எலிப் புழுக்கை இப்படி உதிராது. "சார், இது வௌவால்" என்றேன். மனிதர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். பாழடைந்த வீட்டில்தானே வௌவால் அடையும், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கவலை அவருக்கு. "எலின்னே வச்சுக்குவோமே" என்று கெஞ்சினார். எங்கள் லோரிக் கதவில் பெரிதாக ஒரு வௌவால் வரைந்திருக்கிறோம். அந்த லோரியைக் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

எந்த ஓட்டை வழியாகப் போய் வருகின்றன என்று தெரிந்தால்தான் எங்களுக்கு வேலை தொடங்கும். அதற்குச் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கூரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. நான் உட்கார்ந்து பார்த்தேன். ஒருத்தி கூரையைப் பார்த்தால் லயமே வந்து கூரையைப் பார்க்கும்; வந்தது. ஏழேகாலுக்குத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலிருந்து ஒன்று கீழே விழுவது போல விழுந்து பறந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் கொத்துக் கொத்தாக. எல்லாத் தலையும் மெதுவாகக் கிராணி பக்கம் திரும்பியது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலையில் வேலையாட்களின் பெயர் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னார்: "எல்லாம் எலிதான். இந்த வருஷம் பறக்க ஆரம்பிச்சிருச்சு."

மாரி அண்ணன் அசையவில்லை

என்னோடு வேலை செய்கிறவர் மாரி அண்ணன். லோரி அவருடையது. இருபது வருஷம் காய்கறி லோரி ஓட்டினவர். கை நீட்டினால் கை தெரியாத பனியில், ஒரு பக்கம் மலை ஒரு பக்கம் பள்ளம் என்று இருக்கிற ரோட்டில், முட்டைக்கோஸை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு இறங்குவார். யானைத் தந்தம் மாதிரி இரண்டு பக்கமும் மீசை. அவருக்கு வௌவால் என்றால் பயம். இதை அவர் ஒத்துக்கொண்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஏணியைப் பிடிப்பார், மரம் அறுப்பார், வலை தைப்பார். மேலே மட்டும் ஏற மாட்டார். முட்டி வலி என்பார்.

கம்போங் ராஜாவில் ஒரு பூக்கடையின் பின்கட்டில் வேலை. நான் சீலிங் பலகையைக் கழற்றினதும், தூக்கக் கலக்கத்தில் இருந்த ஒரு சின்ன வௌவால் நழுவி, கீழே நின்ற அண்ணனின் தொப்பி மேல் விழுந்து அங்கேயே ஒட்டிக்கொண்டது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். நான் இறங்கி வந்து, கையுறையோடு அதை ஒரு துணிக்குள் வாங்கிப் பெட்டியில் விடுகிற வரை அண்ணன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கடைக்காரம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் அந்த அம்மாவிடம் சொன்னார்: "நான் பயப்படல லா. அது பயந்துரும்னுதான் அசையாம நின்னேன்."

பாட்டு வைத்தியம்

எங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் எல்லோரும் சொந்தமாக ஏதாவது செய்து பார்த்திருப்பார்கள். பூண்டு கட்டித் தொங்கவிடுவார்கள், பாச்சை உருண்டை போடுவார்கள், மிளகாயைச் சுட்டுப் புகை போட்டு வீட்டிலிருக்கிற எல்லோரும் இருமுவார்கள்; வௌவால் மட்டும் இருமாது. கோலா தெர்லாவில் ஒரு மளிகைக் கடைக்காரர், சத்தம் போட்டால் ஓடிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சீலிங்குக்குள்ளேயே ஒரு ஸ்பீக்கரை மாட்டி மூன்று வாரம் காலை முதல் இரவு வரை குத்துப் பாட்டு ஓட விட்டிருக்கிறார். நான் ஏறிப் பார்த்தபோது ஸ்பீக்கரின் மேலேயே நாலு வௌவால் வரிசையாகத் தொங்கின. சூடாக இருந்திருக்கும் போல. நம் மலைக் குளிருக்கு அதுகளும்தான் என்ன செய்யும்? "ஏதாவது பலன் இருந்துச்சா அண்ணே?" என்று கேட்டேன். அவர் மாடியைக் காட்டிச் சொன்னார்: "இருந்துச்சே. மாடியில குடியிருந்தவர் காலி பண்ணிட்டுப் போய்ட்டார்."

ஒரு தடவை செய்தேன்

சிரித்தது போதும், இதையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் ஒரு பூச்சி மருந்துக் கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்தேன். அங்கே வௌவாலுக்கு ஒரே வைத்தியம்தான்: புகை. ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் மேல் கூரைக்குள் புகை போட்டு, ஓட்டைகளை எல்லாம் சிமெண்ட் வைத்துப் பூசினோம். பெரிய வௌவால்கள் புகையோடு புகையாக வெளியே பறந்தன. வேலை முடிந்தது என்று நானும் கைகழுவிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பங்களாவில் சமைக்கிற அம்மா போன் செய்து வரச் சொன்னார். சீலிங்கிலிருந்து கீச்கீச்சென்று சத்தம், இப்போது அந்தச் சத்தமும் நின்றுவிட்டது என்றார். பலகையைக் கழற்றினேன். குட்டிகள். முடிகூட முளைக்காத, இளஞ்சிவப்பாக, என் சுண்டுவிரல் நுனி அளவில். தாய்கள் வெளியே, பிள்ளைகள் உள்ளே, நடுவில் நான் பூசின சிமெண்ட். கூட்டி அள்ள முறம் வேண்டியிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு எங்கள் சூப்பர்வைசர் கேட்டார்: "வேலை சுத்தமா முடிஞ்சிருக்கு, அப்புறம் என்ன மூஞ்சி?"

அந்த மாசத்தோடு நின்றுவிட்டேன்.

பள்ளத்தாக்கில் ஒரு படகு

சின்னையா அண்ணன் போன் செய்தபோது, "படகுல வௌவால்" என்றார். லைன் சரியில்லை, பலகையில் என்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு போனேன். லெம்பா பெர்த்தாமில், ஆற்றுக்குப் பக்கத்தில், அவருக்குக் கொஞ்சம் காய்கறித் தோட்டம். கோஸும் தக்காளியும். காய் கட்டுகிற கொட்டகைக்குள், இரண்டு மர முட்டுகளின் மேல், பன்னிரண்டு அடி நீளத்துக்கு நிஜமாகவே ஒரு படகு இருந்தது. நீல ஃபைபர் படகு, முன்பக்கம் கயிறு போட்டு வைக்கச் சின்னதாக ஒரு தட்டு, மேலே இறுக்கிக் கட்டின கன்வாஸ். மாரி அண்ணன் படகைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பது போல மலையைப் பார்த்தார்.

சின்னையா அண்ணனே சொன்னார். சில வருஷத்துக்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வந்தபோது அவரும் அவர் மனைவி பாக்கியம் அக்காவும் இதே கொட்டகைக் கூரை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே சேறு, அதில் கார் போகிறது, மரம் போகிறது. மணிக்கணக்காக உட்கார்ந்த பிறகு, முகம் தெரியாத ஒரு ஆள் படகில் வந்து இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த வருஷமே அண்ணன் கடற்கரை வரைக்கும் இறங்கி, ஒரு மீனவரிடம் இந்தப் படகை வாங்கிக் காய்கறி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இதுவரை ஒருநாள்கூடத் தண்ணீரில் இறங்கியதில்லை. மழைக்காலம் வரப் போகிறது, அவசரத்துக்குப் படகு ரெடியாக இருக்க வேண்டும், அதனால் உள்ளே இருப்பதையெல்லாம் உடனே துரத்த வேண்டும் என்பது அவர் பேச்சு. டீ கொண்டு வந்த பாக்கியம் அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்த மலையில படகு வச்சிருக்கிற ஒரே மனுஷன் இவர்தான். அதுலயும் இவரை முந்திக்கிட்டு வௌவால் ஏறிருச்சு."

மழைக்கு யார் சொல்வது?

கயிறு உள்ளே போகிற இடத்தில் கன்வாஸில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அதுதான் வாசல். மெதுவாக ஒரு ஓரத்தைத் தூக்கி, சிவப்புத் துணி சுற்றின டார்ச்சை அடித்தேன். முன்தட்டின் அடியில், சேலை மடிப்பு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தொங்கின. உற்றுப் பார்த்தேன். ஒவ்வொன்றின் வயிற்றிலும் இன்னொரு சின்ன முகம். எனக்குப் பங்களா சீலிங் ஞாபகம் வந்து கன்வாஸை அப்படியே இறக்கிவிட்டேன்.

"அண்ணே, குட்டி போட்டிருக்கு. பறக்க அஞ்சு வாரமாவது ஆகும். அது வரைக்கும் தொடக்கூடாது" என்றேன்.

"அஞ்சு வாரமா? நடுவுல வெள்ளம் வந்துச்சுன்னா?"

"குட்டிங்க பறந்ததும் ஒரே வாரத்துல முடிச்சுக் கொடுத்துடுறேன்."

"வெள்ளம் வந்தா நான் எதுலம்மா போவேன்? அதுங்ககிட்ட பெர்மிஷன் கேட்டு ஓரமா உட்காரவா?" அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கூரை மேல் உட்கார்ந்திருந்தவருக்குத்தானே தெரியும். வேறு ஆளை வைத்துப் புகை போடப் போவதாகச் சொன்னார். நான் அந்தச் சிமெண்ட் கதையை, முறம் வரைக்கும், ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் கன்வாஸ் கயிற்றை ஒருமுறை இழுத்து இறுக்கினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்: "சரி, அஞ்சு வாரம். ஆனா மழைகிட்ட நீயே போய்ச் சொல்லிட்டு வா."

எண்ணிக்கைத் தகராறு

அது வரைக்கும் சும்மா இருக்க முடியுமா? மாரி அண்ணன் பலகை அறுத்து, இரண்டு விரல் இடைவெளியில் மூன்று அடுக்கு வைத்து, ஒரு வௌவால் பெட்டி செய்தார். பார்க்கத் தபால் பெட்டி மாதிரி இருக்கும். வாசல் மட்டும் அடியில். அதைக் கொட்டகையின் வெளிச்சுவரில் உயரமாக மாட்டினோம். படகை விட்டுப் போகிறவைக்குப் பக்கத்திலேயே ஒரு போக்கிடம் இருந்தால் நல்லது. போவதும் போகாததும் அவற்றின் இஷ்டம்.

சின்னையா அண்ணனிடம், முடிந்தால் தினமும் சாயங்காலம் எத்தனை வெளியே போகிறது என்று எண்ணிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கோபமாக இருக்கிற வாடிக்கையாளருக்கு எப்போதும் ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும், இது தொழில் ரகசியம். முதல் வாரம் போனில் வெறும் எண் மட்டும் சொன்னார். இரண்டாவது வாரம், "இன்னைக்கு மழைத் தூறல், லேட்டாதான் கிளம்புச்சுங்க" என்றார். மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் போனை எடுத்தால் பின்னால் ஒரே சண்டை. அண்ணன் நாற்பத்திரண்டு என்கிறார், அக்கா நாற்பத்து மூன்று என்கிறார். கடைசியில் அக்கா போனைப் பிடுங்கிச் சொன்னார்: "நாப்பத்து மூணுதான் சாந்தி. ஒருத்தி எப்பவும் கடைசியா வருவா, அதுக்குள்ள இவரு சாப்பிடப் போயிடுவாரு."

சைரன்

நாலாவது வாரம் பெட்டியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். காலையிலிருந்தே மழை. மத்தியானம் இரண்டு மணி இருக்கும், பள்ளத்தாக்கு முழுக்க சைரன் ஊதியது. ஆற்றுக்கு மேலே இருக்கிற அணையில் தண்ணீர் திறக்கப் போகிறார்கள், மேட்டுக்குப் போய்விடுங்கள் என்று அர்த்தம். அங்கே இருக்கிறவர்கள் யாரும் அந்தச் சத்தத்துக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் அதற்குள் மோட்டார் சைக்கிளை முடுக்கிக் கிளம்பிவிட்டார்கள். சின்னையா அண்ணன் மட்டும் படகுக்குப் பக்கத்தில் போய் நின்றார். இத்தனை வருஷம் இந்த நேரத்துக்காகத்தான் அதை வைத்திருந்தார். ஆனால் கன்வாஸை அவிழ்க்க அவர் கை போகவில்லை.

"அண்ணே, ஆத்துச் சேத்துல இந்தப் படகு நிக்காது. வாங்க, லோரியில போயிடலாம்" என்றார் மாரி அண்ணன். போகலாம், ஆனால் லோரியில் இடம் ஒன்றுதான். வீட்டுச் சாமான்களை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் படகை ஏற்ற வேண்டும். ஃப்ரிட்ஜும் தையல் மெஷினும் அரிசி மூட்டையும் வாசலுக்கு வந்துவிட்டிருந்தன. படகை விட்டுவிட்டுப் போனால் முட்டு சாய்ந்து கவிழும். உள்ளே பறக்கத் தெரியாத குட்டிகள். அடுத்தவர் வீட்டு ஃப்ரிட்ஜை விட்டுவிடச் சொல்ல நான் யார்? சின்னையா அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா நனைந்துகொண்டே வாசலில் நின்றார். முடிவெடுக்க அவருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, படகைக் கைகாட்டினார்.

வாசல் இடைவெளியை ஒரு துண்டால் அடைத்தேன், பகலில் மழைக்குள் பறந்து போய்விடக்கூடாதே என்று. அங்கே வேலை செய்கிற இரண்டு பேரும் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்ததில், வௌவால் இருக்கிற முன்பக்கம் மாரி அண்ணன் பங்குக்கு வந்தது. முட்டி வலி என்று சொல்லவில்லை. கன்வாஸுக்குள் கீச்கீச்சென்று சத்தம் கேட்க, அதில் கன்னத்தை வைத்து முட்டுக்கொடுத்துத் தூக்கினார். படகு ஏறியது, அதன் ஓரத்தில் பாதி அரிசி மூட்டையும் ஏறியது, ஃப்ரிட்ஜ் வாசலிலேயே நின்றது. லோரி கிளம்பும்போது சின்னையா அண்ணன் திரும்பித் திரும்பி அந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தார். அக்கா அவர் தோளைத் தட்டிச் சொன்னார்: "அன்னைக்கு நம்மளை ஏத்தினவன் உள்ள எடம் இருக்கான்னு யோசிச்சானா? பேசாம வாங்க."

ஐசி இருக்கா?

மேட்டில் இருக்கிற பாலாய் ராயாவுக்கு, அதாவது ஊர் மண்டபத்துக்கு, முப்பது நாற்பது பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். மூட்டை, முடிச்சு, பூனை, டிவி என்று ஆளுக்கொன்று. நாங்கள் படகோடு போய் இறங்கியதும் மண்டபமே வாசலுக்கு வந்துவிட்டது. வெள்ளத்துக்குத் தப்பி ஓடி வருகிறவர்கள் படகைச் சுமந்துகொண்டு வருவதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. ஒரு மலாய்க்காரப் பாட்டி படகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல படகாச்சே, ஏன் இதில் வரவில்லை என்று கேட்டார்.

வருகிறவர்களின் பெயரையும் ஐசி, அதாவது அடையாள அட்டை, நம்பரையும் எழுதிக்கொள்ள வாசலில் ஒரு தம்பி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நம்ம தமிழ்ப் பிள்ளைதான். குளிரில் உதடு வெளுத்து, கை வலிக்க எழுதிக்கொண்டிருந்தார். "எத்தனை பேர் அங்கிள்?" என்றார். சின்னையா அண்ணன், "வீட்டுல ரெண்டு பேர். படகுல பெரியவங்க நாப்பத்து மூணு, சின்னதுங்க எண்ணல" என்றார். தம்பி எழுதினதைப் பார்த்து, படகைப் பார்த்து, மறுபடி அண்ணனைப் பார்த்தார். கன்வாஸுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். பேனாவை மூடாமலேயே தம்பி கேட்டார்: "அவங்க எல்லாருக்கும் ஐசி இருக்கா?"

கடைசியாக வருகிறவள்

ஏழு மணிக்கு மழை விட்டது. துண்டை எடுத்தால் தாய்கள் பறந்து போகும். இந்தப் புது இடத்துக்குத் திரும்பி வருமா, அல்லது பள்ளத்தில் இருக்கிற கொட்டகைக்குப் போய்ப் படகைத் தேடுமா? எடுக்காவிட்டால் எல்லாமே பட்டினி. என்ன ஆகும் என்று அண்ணன் கேட்டார். பதினோரு வருஷ அனுபவசாலி நான், தெரியாது என்றேன். படகை மண்டபத்துக்குப் பின்னால் கூரைக்கடியில் வைத்து, அந்தப் பக்கத்து விளக்கை அணைத்து, துண்டை உருவினேன். ஒவ்வொன்றாகப் போயின. மண்டபத்து ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். அக்கா விரலை மடக்கி எண்ணினார். நாற்பத்து மூன்று.

விடியற்காலையில் போய்க் கன்வாஸைத் தூக்கினேன். வந்திருந்தன. தாயும் பிள்ளையுமாக, அதே மடிப்பு மாதிரி. தாய்களை எண்ணினேன்: நாற்பத்திரண்டு. ஓரத்தில் ஒரு குட்டி மட்டும் தனியாகத் தொங்கிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடியது. அக்கா பால் காய்ச்சட்டுமா என்றார். மாட்டுப் பால் ஒத்துக்காது என்று தடுத்தேன். தூரிகை நுனியில் தண்ணீர் தொட்டு அதன் உதட்டில் வைத்தேன். அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

பத்து மணிக்கு மேல் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்கள், படகையும் லோரியில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். தோட்டத்தில் கோஸ் வரிசை பாதியைச் சேறு மூடியிருந்தது. கொட்டகைக்குள் முழங்கால் வரை வந்து வடிந்த அடையாளம். படகை வைத்திருந்த இரண்டு முட்டும் வேலியில் போய்ச் சிக்கிக் கிடந்தன. ஃப்ரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. நாங்கள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, சின்னையா அண்ணன் மட்டும் கழுத்தை உயர்த்திக் கொட்டகைக் கூரையையே துழாவிக்கொண்டிருந்தார். படகு இருந்த இடத்துக்கு நேர் மேலே, நடு விட்டத்தில், பகல் வெளிச்சத்தில், ஒரு சின்னக் கறுப்பு முடிச்சு. படகை இறக்கி அதே இடத்தில் செங்கல் மேல் வைத்தோம். நாங்கள் பத்தடி தள்ளிப் போகிற வரைக்கும்தான் அது பொறுத்தது. கீழே விழுகிற மாதிரி விழுந்து, இடைவெளிக்குள் நுழைந்துவிட்டது. அண்ணன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டே அக்காவிடம் சொன்னார்: "நீ சொன்னதுதான் சரி, பாக்கியம். நாப்பத்து மூணு."

வலை

ஆறாவது வாரம் குட்டிகள் பறந்தன. அதற்கப்புறம் எங்கள் வேலை சின்னதுதான். இடைவெளியின் மேல் ஒரு வலைத் துண்டை மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டித் தொங்கவிட்டோம். உள்ளேயிருந்து வருகிறது வலைக்கு அடியில் ஊர்ந்து வெளியே போய்விடும். வெளியேயிருந்து வருகிறதற்கு வழி புரியாது. ஒரு கதவு, ஒரு பக்கம் மட்டும் திறக்கும், அவ்வளவுதான். ஆறு சாயங்காலம் விட்டு வைத்தோம். ஏழாம் நாள் கன்வாஸைத் தூக்கி மூலை மூலையாகப் பார்த்தேன். காலி. முகமூடி போட்டு, புழுக்கையை ஈரமாக்கி வழித்து, படகைக் கழுவி, புதுக் கன்வாஸ் கட்டிக் கொடுத்தோம். கொஞ்சம் பேர் மாரி அண்ணன் செய்த பெட்டிக்குக் குடிபோனார்கள். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் போன் செய்தார்: அவருடைய உர ஸ்டோரில் வௌவால்.

போனபோது வேலிக்கு இந்தப் பக்கம் சின்னையா அண்ணன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டக்காரர் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்துச் சனியன், மூதேவி, இன்னும் நான் இங்கே எழுத முடியாத பெயர்கள் எல்லாம் சொல்லித் திட்டினார். அண்ணன் வேலி மேல் கையை ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்: "வாயை அடக்கிப் பேசுயா. அது எங்க வீட்டு வௌவால்!"

பதினோரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் இவ்வளவுதான்: ஒரு துண்டு வலை இருந்தால் வௌவாலை ஒரு வாரத்தில் வெளியே அனுப்பிவிடலாம், வீட்டுக்காரர்களை வழிக்குக் கொண்டுவரத்தான் இன்னும் யாரும் வலை கண்டுபிடிக்கவில்லை.